சிறுநீர் முழுதாகப் பிரியவில்லையா? ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்!

கேள்வி: ‘‘என் மாமனாருக்கு 68 வயது. மூன்று ஏக்கரில் நெல்லும் கரும்பும் பார்க்கிறார். ஒரு வருடமாகவே ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து போவார். கேட்டால், ‘வயசானா அப்படித்தாம்மா’ என்பார். போன வாரம் சளிக்கு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். அன்று ராத்திரியே சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. நெருஞ்சில் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம். வலி கூடியதுதான் மிச்சம். விடிந்ததும் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். டியூப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார்கள். அவரோ, ‘நடவு முடியட்டும்’ என்கிறார். டியூபோடு வயலுக்குப் போகலாமா? ஆபரேஷன் இல்லாமல் சரியாகாதா?’’

- பாகூர் பகுதி வாசகி

பதில்: விடிந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது சரியான முடிவு. சிறுநீர் சுத்தமாக நின்றுபோவது, நெஞ்சுவலியைப் போலவே அவசரமாகக் கவனிக்க வேண்டிய விஷயம். இனி என்ன செய்வது என்று முடிவெடுக்க, உள்ளே என்ன நடந்தது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

மதகு சரியில்லாத ஏரி

ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீரை சிறுநீரகங்கள் பிரித்து அனுப்புகின்றன. அது சிறுநீர்ப்பையில் வந்து சேர்கிறது. 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் லேசாக உணர்வு வரும். 400 முதல் 500 மில்லி ஆனால் அடக்க முடியாது. அப்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பையின் தசை சுருங்க வேண்டும். கீழே இருக்கும் வாய் திறக்க வேண்டும்.

பாகூர் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மதகு அடைத்துக்கொண்டால் ஏரி நிறைந்திருந்தும் வாய்க்காலில் தண்ணீர் வராது. ஆண்களுக்கு 50 வயதுக்குமேல் இந்த மதகை அடைப்பது பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் போல அமைந்திருக்கும் இந்தச் சுரப்பி, இளம் வயதில் சுமார் 20 கிராம்தான் இருக்கும். வயது ஏற ஏற வீங்கி, நடுவில் போகும் குழாயை நெருக்கும். இந்த வீக்கம் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் அல்ல. ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்த்துவிடுவது மருத்துவரின் கடமை என்பதால், ஆசனவாய் வழியாக விரல் பரிசோதனையும், பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். நீரடைப்பு வந்த சமயத்திலும், டியூப் போட்ட புதிதிலும் பி.எஸ்.ஏ. அளவு தானாகவே கூடியிருக்கும். அந்தத் தாளைப் பார்த்து உடனே பயந்துவிட வேண்டாம். எப்போது மறுபடி எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடமாக உடம்பு சொன்ன சேதி

மாமனாருக்கு அடைப்பு ஒரே ராத்திரியில் வந்ததில்லை. தாரை மெலிந்துபோவது, ஆரம்பிக்கவே கொஞ்ச நேரம் காத்திருப்பது, முக்கிப் போவது, நடுவில் நின்று நின்று வருவது, போய்வந்த பத்தாவது நிமிடமே மறுபடி போகத் தோன்றுவது, ராத்திரியில் பலமுறை எழுந்திருப்பது ஆகிய எல்லாமே முன்கூட்டி வரும் அறிகுறிகள். பை முழுதாகக் காலியாகாததால் சீக்கிரமே மறுபடி நிரம்புகிறது. அதனால்தான் அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

இதைவிட ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. சிலருக்கு வலியே இல்லாமல் மாதக்கணக்கில் சிறுநீர் தேங்கும். பை லிட்டர் கணக்கில்கூட விரிந்துவிடும். நிரம்பி வழியும் சொட்டு மட்டும் தானாக வேட்டியை நனைக்கும். ‘கட்டுப்பாடு இல்லாமல் போகிறதே’ என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் அங்கே பை காலியாவதே இல்லை. தேங்கிய நீரின் அழுத்தம் மேலே ஏறி, சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். படுக்கையில் தெரியாமல் சொட்டுப் போகும் பெரியவரை, துணியை மாற்றிவிட்டு அப்படியே விடாதீர்கள். ஒருமுறை ஸ்கேன் எடுங்கள்.

கஷாயம் ஏன் கைகொடுக்கவில்லை?

நெருஞ்சில், சிறுபீளை, வாழைத்தண்டு, பார்லி தண்ணீர் எல்லாம் சிறுநீரைப் பெருக்குவதற்காகக் குடிப்பவை. மாமனாருக்குச் சிறுநீர் உற்பத்தியாவதில் குறை எதுவும் இல்லை. வெளியேறும் வழிதான் மூடியிருந்தது. மதகு மூடிய ஏரிக்கு மேலும் தண்ணீர் திருப்பினால் கரைக்குத்தான் ஆபத்து. நீரடைப்பு வந்துவிட்டால் கஷாயம், இளநீர், மோர் என்று எதையும் மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, ஒருமுறை நிதானமாக உட்கார்ந்து முயற்சி செய்யலாம். வரவில்லை என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்துக் கிளம்ப வேண்டியதுதான். பழக்கம் இல்லாதவர்களை வீட்டுக்கு அழைத்து டியூப் போடச் சொல்வது, குழாயைக் கிழித்து நிரந்தரத் தழும்பில் கொண்டுபோய் விடலாம்.

சளி மாத்திரைக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம் உண்டு. சளி மாத்திரைகளில் பொதுவாக இருக்கும் குளோர்ஃபெனிரமைன், சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்திவிடும். மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் போன்றவை பையின் வாயை இறுக்கும். ஏற்கெனவே நெருக்கத்தில் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தால் கதவு சாத்திக்கொள்ளும். வயிற்றுவலிக்குப் போடும் சில மாத்திரைகள், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. மலச்சிக்கல், மதுபானம், பஸ் பயணத்தில் நீண்ட நேரம் அடக்கிவைத்தல் ஆகியவையும் கடைசித் தள்ளலாக அமைந்துவிடும். 50 வயது தாண்டி, சிறுநீர் போவதில் சிரமம் உள்ளவர்கள், மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்து ஓரம் வளரும் ஊமத்தையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதில் இருக்கும் அட்ரோபின் வகைப் பொருள்கள் வாயை வறளச் செய்து, கண்ணை மங்கலாக்கி, புத்தியைத் தடுமாறச் செய்து, சிறுநீரையும் கட்டிவிடும். மூச்சிரைப்புக்கு என்று யார் சொன்னாலும் அதை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். சில பூச்சிக்கொல்லி நஞ்சுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்தும் இதே அட்ரோபின்தான். அப்படிச் சிகிச்சையில் இருப்பவருக்கு டியூப் போட்டிருந்தால், ‘கிட்னி போய்விட்டதோ’ என்று வீட்டார் கலங்க வேண்டாம்.

டியூபில் இருக்கும் பிரெஞ்சுக் கணக்கு

டியூபின் நுனியில் 14, 16, 18 என்று ஓர் எண் இருக்கும். அது பிரெஞ்சு அளவு. 19-ம் நூற்றாண்டில் பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த சரியேர் என்பவர் வகுத்தது. எண்ணை மூன்றால் வகுத்தால் டியூபின் குறுக்களவு மில்லி மீட்டரில் கிடைக்கும். 16 என்றால் ஐந்தேகால் மில்லி மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அடுத்த முறை டியூப் மாற்றும்போது இந்த எண்ணும், போட்ட தேதியும் தேவைப்படும். ஒரு தாளில் எழுதி, மருத்துவமனைச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் நழுவாமல் இருக்க, உள்ளே ஒரு சின்ன பலூனில் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஃபோலி 1930-களில் கொண்டுவந்த முறை இது. அரிக்கிறது, உறுத்துகிறது என்று யாரும் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. பலூனோடு இழுத்தால் ரத்தம் கொட்டும்.

கவனிக்க வேண்டியவை:

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. கட்டில் சட்டத்தில் மாட்டலாம். பஸ்ஸில் வரும்போது ஒரு துணிப்பைக்குள் போட்டு, முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கும்படி வைத்துக்கொள்ளலாம். மடியில் வைத்தால் அழுக்கு நீர் திரும்ப உள்ளே போகும்.

பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். அதற்கு முன்பும் பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

டியூப் நுழையும் இடத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும். மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

டியூபைத் தொடையோடு ஒட்டவைத்தால் இழுபடாது. மடங்கி அடைபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்க்காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், பையில் சில மணி நேரமாக நீரே இறங்காமல் அடிவயிறு வலிப்பது - இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை.

வயலுக்குப் போகலாமா?

வரப்பில் நடந்து போய் ஆட்களை வேலை வாங்கலாம். சேற்றில் இறங்குவது, நாற்றுக்கட்டு தூக்குவது, மம்பட்டி பிடிப்பது, சைக்கிள் மிதிப்பது கூடாது. சேற்றுத் தண்ணீர் பட்டால் கிருமி ஏற டியூபே வழியாகிவிடும். நடவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிவைப்பதைவிட, இந்த ஒரு நடவை மகனோ அக்கம்பக்கத்தாரோ பார்த்துக்கொள்வது லாபம். சிறுநீரகம் கெட்டுப்போனால் வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் டயாலிசிஸுக்கே போய்விடும். பிறகு எந்தப் போகத்தையும் அவரால் முழுதாகப் பார்க்க முடியாது.

ஆபரேஷன் கட்டாயமா?

எல்லோருக்கும் இல்லை. பொதுவாக, பையின் வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரையைக் கொடுத்து, சில நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். தானாகச் சிறுநீர் பிரிந்து, ஸ்கேனில் மீதி குறைவாக இருந்தால் மாத்திரையோடு தொடரலாம். சிறுநீர் போன பிறகு 50 மில்லிக்குக் குறைவாக மீதி இருந்தால் நல்லது. 300 மில்லிக்கு மேல் தொடர்ந்து தேங்கினால் விடாமல் கவனிக்க வேண்டும்.

இந்த மாத்திரை போட்டதும் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலைசுற்றும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு, எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது நல்லது. இன்னொரு முக்கியமான விஷயம்: இதைச் சாப்பிடுபவர்களுக்குக் கண்புரை ஆபரேஷனின்போது கண்ணின் கருவிழித் திரை துவண்டுபோகலாம். தவளக்குப்பம் அரவிந்த் மருத்துவமனைக்கோ, வேறு கண் முகாமுக்கோ போனால், ‘இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், முன்பு சாப்பிட்டிருக்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரிந்தால் டாக்டர்கள் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

சுரப்பியையே சுருக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளும் உண்டு. பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக்கூடாது.

டியூபை எடுத்தால் மறுபடி மறுபடி அடைப்பது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பது, பையில் கல் சேர்ந்திருப்பது, திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று வருவது - இவை இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இப்போது பெரும்பாலும் சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் பகுதியைச் சுரண்டி எடுக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே மரக்க ஊசி போட்டுச் செய்வதுதான் வழக்கம். சில நாள் மருத்துவமனையில் இருந்து, சில வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் பெரும்பாலானவர்கள் பழைய வேலைக்குத் திரும்பலாம். உறவின்போது விந்து வெளியே வராமல் பைக்குள் போவது சகஜம். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. கூச்சப்படாமல் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

எங்கே போவது?

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரில் சிறுநீரக அறுவை சிகிச்சைக்குத் தனித்துறை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அதன் வேர். 1964-ல் ஜிப்மர் ஆனது. 2008-ல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் பக்கத்து மக்களும் இங்கே வருகிறார்கள். திடீர் அடைப்பு என்றால் தூரம் பார்க்க வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே டியூப் போட்டுக்கொண்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு வரலாம். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் உறை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: ‘‘அம்மாவுக்கு 60 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஒருநாளைக்கு இரண்டு முறைதான் சிறுநீர் போகிறார். ஆனால் நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறது. பெண்களுக்கும் அடைப்பு வருமா?’’

- வானூர் வாசகர்

பதில்: வரும். இங்கே வாய் திறந்திருந்தும் பைக்குச் சுருங்கும் பலம் குறைந்திருக்கலாம். நாள்பட்ட சர்க்கரை, பையின் நரம்பை மரக்கச் செய்துவிடும். நிரம்பியதே தெரியாது. தேங்கிய நீரில் கிருமி வளர்ந்து கடுப்பு வருகிறது. சிறுநீர் போன உடனே ஸ்கேன் எடுத்து மீதியைப் பாருங்கள். உணர்வுக்காகக் காத்திருக்காமல், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் போகச் சொல்லுங்கள். ஒருமுறை போனதும், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை முயலலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், மலச்சிக்கல் இல்லாமல் பார்ப்பதும் பாதி வைத்தியம்.

பெண்களுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கினாலும் சிறுநீர் வழி மடங்கும். கையால் உள்ளே தள்ளிவிட்டால்தான் போக முடிகிறது என்பதை வெளியே சொல்லாமலே வாழும் பெண்கள் இருக்கிறார்கள். அதற்கு வளையம் பொருத்துவது முதல் ஆபரேஷன் வரை தீர்வு உண்டு. பிரசவமான பெண் ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். வயலில் மறைவிடம் இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் களை எடுப்பதும், நாள் முழுக்க அடக்கிவைப்பதும் பைக்கு நல்லதில்லை. களத்துமேட்டில் ஒரு கழிப்பறை கட்டினால், வேலைக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் அது உதவும்.

கேள்வி: ‘‘பனைமரத்திலிருந்து விழுந்த என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வயது 34. காலம் முழுக்க டியூபோடுதான் இருக்க வேண்டுமா?’’

- மரக்காணம் வாசகர்

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. தண்டுவடம் அடிபட்டவர்கள் முன்பெல்லாம் சிறுநீரகம் கெட்டே இறந்துபோனார்கள். 1972-ல் அமெரிக்க மருத்துவர் லாபிடஸ் ஓர் எளிய வழியை எடுத்துச்சொன்னார். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, சோப்புப் போட்டுக் கழுவிய கையால், மெல்லிய டியூபைத் தானே செலுத்தி, பையைக் காலி செய்துவிட்டு எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் 400, 500 மில்லிக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கை நன்றாக இருப்பவர்கள் சில நாளில் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டு நேரத்துக்கு நடுவில் சுதந்திரமாக இருக்கலாம். கடை வைக்கலாம், வேலைக்குப் போகலாம்.

வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1954-ல் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966-ல் உருவானது அது. தம்பியை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரக ஸ்கேனும், கிரியாட்டினின் பரிசோதனையும் தவறக்கூடாது.

மரத்திலிருந்தோ வரப்பிலிருந்தோ விழுந்தவருக்குச் சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால், முக்கிப் போகச் சொல்லாமல், கிளினிக்கில் டியூப் போடவும் விடாமல், நேராகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் நின்றாலும் அதே அவசரம்தான். மணிக்கணக்கில் தாமதித்தால் நரம்பு திரும்பாது.

டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள் கணக்கு

பால் ஊற்றும் கணக்கு எழுதுவது போலத்தான் இதுவும். அரை லிட்டர் அளவுக் குவளை ஒன்றைக் கழிப்பறையில் தனியாக வையுங்கள். மூன்று நாளைக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, எவ்வளவு குடித்தது, ராத்திரி எத்தனை முறை எழுந்தது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். மருமகளிடம் சொல்லக் கூச்சப்படும் மாமனார்கூட, அந்த நோட்டைப் பேரனிடம் காட்டுவார். டாக்டருக்கு அந்த ஒரு பக்கமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.